எழுபத்திரண்டாம் படம் முதல்

அன்புள்ள மகனுக்கு,

அன்று ஐயனார் கோவில் ஓடையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அப்பா, நீ, உன் அக்கா செண்பகம், உன் சிநேகிதன் சிக்கந்தர், நான். ஐந்து பேர். வேன் ஓட்டிவந்தவர் கடைசிவரை வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் எண்பத்து நான்காம் படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை விழுந்திருந்தது. அதனால் அவரையும் சேர்த்து ஆறு பேர் என்றே என் நோட்டில் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் இப்போது நம்மோடு இல்லை. இன்னொருவனை நீ பதினோரு வருடமாக வீட்டு வாசலில் சேர்க்கவில்லை. இந்தக் கடிதம் அவனைப் பற்றியது. அதைவிட அதிகமாக என்னைப் பற்றியது.

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள், போனில் சொன்னால் ஆகாதா என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல மூன்று தடவை தொடங்கினேன். ஒரு தடவை பேச்சு பெண்வீட்டார் எடுத்த சேலைக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டு முடித்தேன். மூன்றாம் தடவை நீயே, "என்னமோ சொல்ல வந்தியேம்மா" என்றாய். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேனாவைப் பிடித்தால் எனக்கு அப்படித் தப்பிக்க வராது. எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

அந்தத் தேர் நாளை நினைத்துப் பார். விடிகாலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நாச்சியாரைத் தரிசித்து, நெரிசலில் ஓரமாக நின்று வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தோம். சிக்கந்தர் தன் போட்டோக் கடைக் கேமராவை எடுத்து வந்திருந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளிநிறக் கேமரா. தேர்ச் சக்கரம், வடம், கோபுரம், செண்பகத்தின் புதுச் சேலை என்று கண்டதையெல்லாம் எடுத்தான். உன் அப்பாவை மட்டும் அவனால் சரியாக எடுக்க முடியவில்லை. மில்லில் வேலை பார்க்கும்போது முன்பல் பாதி உடைந்த நாளிலிருந்து, படம் என்றால் அப்பா உதட்டை இறுக்கிக்கொள்வார். எங்கள் கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவர் சிரித்த படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. மத்தியானம் ராஜபாளையம் திரும்பி, அப்படியே மலையடிக்கு ஐயனார் கோவிலுக்குப் போனோம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி நின்றார். அப்போது சிக்கந்தர் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா?

"அப்பா, ஒடஞ்ச பல்லு தெரியாம எடுக்கதுக்கு இதுல தனியா ஒரு பட்டன் இருக்கு."

"எந்தப் பட்டன்லே?" என்று அப்பா நிஜமாகவே நம்பிக் கேட்டார்.

"வாயத் தொறந்தாத்தான் அது வேல செய்யும்."

அப்பா சிரித்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, ஓடைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சிரித்தார். சிக்கந்தர் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தான். எழுபத்திரண்டாம் படம் முதல் நூற்று இருபத்தெட்டாம் படம் வரை அந்த ஓடைதான்.

அன்று மாலை பஸ்ஸுக்கே நீ கோயம்புத்தூர் கிளம்பினாய். "நீயே கம்ப்யூட்டர்ல ஏத்திரும்மா. ஏத்திட்டு கேமராவ சிக்கந்தர்ட்ட கொடுத்துரு" என்று சொல்லி, ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாய். வயரை மாட்டு. எல்லாப் படத்தையும் தேர்ந்தெடு. காப்பி கொடு. நம் ஃபோல்டரில் பேஸ்ட் கொடு. முடியும்வரை தொடாதே. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உன் பழைய பாடப் புத்தகங்களை வைத்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் படித்தவள். என்னை நம்பி ஒரு மெஷினை நீ ஒப்படைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அப்போது சொல்லவில்லை. மூன்று நாள் அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்து, எண் போட்டு, யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். வீட்டுக்குள் வருகிற எதையும் எழுதிவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை காலை பூசை முடித்து, கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் தப்பு அங்கேயே நடந்தது. நீ காப்பி என்று எழுதியிருந்தாய். நான் கட் என்பதைக் கொடுத்தேன். காப்பி கொடுத்தால் ஒரே படம் கேமராவுக்குள் இருக்கிற கார்டிலும் இருக்கும், கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஒரு சாமான் இரண்டு இடத்தில் இருந்தால் இருப்பு நேராகாது என்று என் புத்திக்குப் பட்டது. எடுத்தால் எடுத்ததாக, வைத்தால் வைத்ததாக இருக்கட்டும் என்று கட் கொடுத்தேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பழைய கம்ப்யூட்டர், ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு வாங்கியது.

கோடு பாதியைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம். நல்ல நேரத்தில் தொடங்கிய காரியத்தை இராகு காலத்தில் தொடரலாம், தோஷமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த மெஷின் ஒவ்வொரு படத்தையும் புதிதாகத் தொடங்குகிறதே, அப்படியானால் ஒவ்வொன்றும் ஒரு தொடக்கம்தானே என்று யோசித்தேன். எழுபத்தொன்று முடிந்திருந்தது. நோட்டைப் பார்த்தேன். அடுத்தது எழுபத்திரண்டு, அப்பா ஓடையில். அந்த ஆடி முழுக்க அவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது, உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னையும் தடுத்திருந்தார். அவர் சிரித்த முகம் இத்தனை வருடம் கழித்துப் படமாக வீட்டுக்குள் வருகிறது, அது இராகு காலத்தில் வரவேண்டாம் என்று வயரைப் பிடுங்கிவிட்டேன். முடியும்வரை தொடாதே என்று நீ கோடு போட்ட தாள் என் மடியில்தான் இருந்தது.

பன்னிரண்டு அடித்த பிறகு மறுபடி மாட்டினேன். படம் ஒன்றும் வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டது. எழுத்துக் கூட்டினேன், அர்த்தம் பிடிபடவில்லை. ஆமாம் என்று ஒரு பட்டன், இல்லை என்று ஒரு பட்டன். வெள்ளிக்கிழமை அதுவுமாக வாயில் இல்லை என்ற சொல் வரக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அரிசி தீர்ந்தால்கூட நிறைந்துவிட்டது என்றுதான் சொல்வேன். கையாலும் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்பதை அமுக்கினேன். கார்டைச் சுத்தமாகத் துடைத்துவிடட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. துடைத்துவிட்டது. ஐம்பத்தேழு படம்.

முதல் ஷிப்டு முடிந்து அப்பா மூன்று மணிக்கு வந்தார். நான் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காராமல் அடுப்படி வாசலில் நின்றேன்.

"என்ன, மொகம் ஒரு மாதிரி கெடக்கு?"

"படம் போச்சுங்க. ஓடையில நின்னது அம்புட்டும்."

"கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"பொறவு என்ன ஏட்டி. அடுத்த தேருக்கு எடுத்துக்கிடுவோம். இந்தப் பல்லு எங்க போயிரப்போவுது, இங்கனதான் இருக்கு" என்று உதட்டை விலக்கிக் காட்டினார். பிறகு ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே, "பய கேட்டான்னா சொல்லிரு. சிக்கந்தர்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு. ஒளிக்காத" என்றார்.

அவர் என்னிடம் வேலை ஏவுகிறவர் இல்லை. எங்கள் இருபத்தெட்டு வருடத்தில் இதைச் செய், இதைச் செய்யாதே என்று அழுத்திச் சொன்ன பேச்சுகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் கடைசிப் பேச்சு அது. மறுநாள் கேமராவை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிக்கந்தர் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். கொடுத்துவிட்டு, அவன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தேருக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோமே, அவசரம் என்ன என்று இருந்தேன்.

புரட்டாசியில் அப்பா போய்விட்டார். அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஒன்பதாம் நாள் சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று நீ கம்ப்யூட்டரைத் திறந்தாய். தேர் இருந்தது, கோபுரம் இருந்தது, எழுபத்தொன்றோடு நின்றது. "மிச்சம் எங்கம்மா?" என்று கேட்டாய். "கார்டுல" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நான் வழி தவறினேன். சிக்கந்தர் அப்போது நம் வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்பது நாளும் தண்ணீர்க் கேன் தூக்கியவன் அவன்; சுடுகாடு வரை வந்தவன் அவன்.

"ஏலே, அந்தக் கார்டு எங்க?" என்று அவனிடம் கேட்டாய்.

"கடையில கெடக்கு. ஏன்?"

"இங்க பாதிதான் ஏறியிருக்கு. அப்பா படம் அதுலதான் இருக்கு. எடுத்துட்டு வா."

"அதுல ஒண்ணுமில்லையேலே. எங்கையில வரும்போதே வெறுங்கார்டாத்தான் வந்துச்சு. நீங்க எல்லாத்தையும் ஏத்திட்டீகனுல்ல நெனச்சேன்."

"அப்ப எங்கம்மா பொய் சொல்லுதாகளா?"

நீ என் பக்கம் திரும்பினாய். "யம்மா, நீ கொடுக்கும்போது அதுல படம் இருந்துச்சா இல்லையா?" என்று, துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னால் கேட்டாய். மூலையில் உட்கார்ந்திருந்த நான் தலையை ஆட்டினேன். இருந்தது என்று ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை, தலைதானே ஆடியது என்று பின்னால் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ அவனைப் பார்த்து, "எவன் வீட்டுக் காதுகுத்துக்கோ படம் எடுக்க எங்கப்பனை அழிச்சிட்டேல்ல" என்றாய். அவன் என்னையே பார்த்தான். என்னால் நிமிர முடியவில்லை. கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அன்று சொல்லியிருந்தால் அப்பா கடைசியாகச் சிரித்த படத்தை அம்மாவே அழித்தாள் என்று நீ என்னைப் பார்த்திருப்பாய். அவர் போன ஒன்பதாம் நாளில் அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. அது உண்மைதான். ஆனால் பத்தாம் நாள் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, படத்தை அழித்ததைவிடச் சொல்லாமல் இருந்தது பெரிதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் நாச்சியார் சந்நிதியில் நெய்விளக்குப் போட்டேன். தாயே, நான்தான், மன்னித்துக்கொள் என்று பதினோரு வருடமாகச் சொல்கிறேன். சொல்ல வேண்டியவர்கள் ராஜபாளையத்தில் ஒருவன், கோயம்புத்தூரில் ஒருவன். அவர்களை விட்டுவிட்டுப் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாயாருக்கு என்னைப் பார்த்தாலே சலித்திருக்கும்.

போன வாரம் பத்திரிகைக்கு ஊர்வாரியாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது போனில் உன்னிடம் வாசித்துக் காட்டினேன். சிக்கந்தர் பெயர் வந்ததும், "அவன் பேர எழுதாதம்மா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாய். கோபம்கூடத் தேவைப்படாத அளவுக்கு என் பொய் உனக்குள் காய்ந்து இறுகிவிட்டது என்று அப்போது தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கடைக்குப் போனேன். இப்போது அங்கே படம் எடுக்க யாரும் வருவதில்லை போல. ஜெராக்ஸும், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதும்தான். நரைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கம்மா. கல்யாண வேலையெல்லாம் எம்புட்டுத் தூரத்துல இருக்கு?"

"நடக்குதுப்பா. ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அந்தக் கார்டுல இருந்த படத்த அழிச்சது நாந்தான்."

அவன் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கியபடியே நின்றான். உள்ளே வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது.

"தெரியும்மா."

"எப்பருந்து?"

"நாக்காலி அடுக்குனேன்ல, அன்னைக்கேதான். அவன் பாதிதான் ஏறியிருக்குன்னதும் வெளங்கிருச்சு. காப்பி போட்டீகளா, கட்டா?"

"கட்டு."

"நடுவுல வயரப் புடுங்கிட்டீக."

"ஆமாப்பா. இராகு காலம் வந்துருச்சு."

அவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "யம்மா, இராகு காலத்துக்கெல்லாம் எந்தக் கம்பெனிக்காரனும் கேமரா செய்யலம்மா" என்றான். பிறகு முகம் மாறிப்போயிற்று.

"நீ ஏம்ப்பா அவன்ட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீகனு இருந்தேன். புருஷன் போயி ஒம்பது நாள்ல ஒங்கள எப்பிடி நான் சபையில வச்சுப் பேச? ஒரு மாசம் பாத்தேன். பொறவு எங்கம்மா மவுத்துக்கு வந்தீகள்ல, அன்னைக்கு எப்பிடியும் சொல்லிருவீகனு நெனச்சேன். 'வாரேன்ப்பா'னுட்டுப் போயிட்டீக."

அவன் அம்மா இறந்த அன்று நான் போயிருந்தேன். பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நீ சிறுவயதில் நோன்புக் கஞ்சிக்கு அந்த வீட்டுக்குத்தான் ஓடுவாய். உனக்கென்று அந்த அம்மா தனியாக ஒரு கிண்ணம் எடுத்துவைப்பார். உனக்குப் போன் செய்து சொன்னேன். வேலை இருக்கிறது என்றாய். சரி என்று வைத்துவிட்டேன்.

"அவன் வரல" என்றான் சிக்கந்தர். "படம் போனாப் போவுது, பேச்சுப் போனாப் போவுது. எங்கம்மாவ எடுக்கையில அவன் வராதது ஒண்ணுதாம்மா இன்னும் ஆறல."

பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். அவன் கையை நீட்டவில்லை. "வச்சிட்டுப் போவாதீக. அவன் கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டு, மெஷின் மூடியை இறக்கினான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வாசல்வரை வந்து என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

மகனே, கல்யாணமாகப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது, தப்புச் செய்தவள் என்பதால். வருகிற பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒருநாள் ஏதாவது பேச்சு வரும். எந்த வீட்டிலும் வரும். பால் கெட்டது யாரால், ஒரு சொல் யார் முதலில் சொன்னது என்று நீ நடுவில் நிற்க வேண்டியிருக்கும். அன்று அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று ஆரம்பிக்காதே. அம்மா சொல்லியிருக்கிறாள். அன்று நீ என் தலையை மட்டும் பார்த்தாய். அவன் முகத்தையும் ஒரு தடவை பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசு. அவள் ஒன்றைக் கைதவறிப் போட்டுவிட்டு வந்து சொன்னால், அப்பா என்னிடம் சொன்னதைப்போலச் சொல். பொறவு என்ன, எடுத்துக்கிடுவோம் என்று சொல். சொன்னால் அடி விழாது என்று தெரிந்த வீட்டிலேயே நான் ஒளித்தேன்; விழும் என்று பயந்தால் அவள் என்ன செய்வாள்?

சுவரில் இருக்கிற அப்பா படம் மில் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ வைத ஆள்போல இருக்கிறார். நீ ஒவ்வொரு தடவை வரும்போதும் அதன் முன்னால் நின்று, வேறு படமே இல்லையே என்று சொல்வாய். அப்போதெல்லாம் நான் அடுப்படியில் ஏதாவது வேலை இருப்பதுபோல நிற்பேன். படத்தை என்னால் திருப்பித் தர முடியாது. சிக்கந்தரிடமும் கேட்டுவிட்டேன், அந்தக் கார்டில் அதற்குமேல் எத்தனையோ வீட்டு விசேஷம் ஏறி இறங்கிவிட்டது, ஒன்றும் மீளாது என்றான். என்னிடம் இருப்பது நோட்டு மட்டும். எழுபத்திரண்டு முதல் நூற்று இருபத்தெட்டு வரை ஒன்று விடாமல் இதனோடு நகல் எழுதி வைத்திருக்கிறேன். எழுபத்தெட்டு: அப்பா, வாய் திறந்து, கேமராவில் பட்டன் எது என்று விரல் நீட்டுகிறார். எண்பத்தொன்று: அப்பா சிரிப்பு, உடைந்த பல் நன்றாகத் தெரிகிறது. தொண்ணூற்று மூன்று: அப்பா தண்ணீரை வாரி உன்மேல் இறைக்கிறார், உன் முகம் பாதி. நூற்றுப் பதினெட்டு: நீ எடுத்தது, அப்பாவும் சிக்கந்தரும், அப்பா கை அவன் தோளில். நூற்று இருபத்தெட்டு: எல்லோரும் போன பிறகு ஓடை மட்டும். படிக்கும்போது உன் கண்ணுக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் இனி.

என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மாலை மாற்றும்போது நான் முன்வரிசையில் நிற்க வேண்டாம் என்று நினைத்தாலும் சரி, பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் அவன் இல்லாமல் நீ உட்கார்ந்தால், அப்பா என்னிடம் கடைசியாகச் சொன்னதை நான் கடைசிவரை செய்யவில்லை என்று ஆகிவிடும்.

பத்திரிகை ஒன்றைப் பெயர் எழுதாமல் பூசையறையில் வைத்திருக்கிறேன். சிக்கந்தர் நம்பர் பழையதேதான், மாற்றவில்லை. நீ அவனைக் கூப்பிடுவாயா, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அந்தப் பத்திரிகையில் உன் கையால் பெயர் எழுதுவாயா, மாட்டாயா என்று வியாழக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல். எந்த நேரமானாலும் போன் செய்.

அம்மா